மலேசிய இந்தியரும் மலேசியச் சீனரும்: பொருளாதார ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் தமிழர்கள் நாலு பேர் கூடினால் "சீனனைப் பார், நம்மளைப் பார்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிப் பெற்றோர் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இந்தியர், சீனர்னு சொல்றீங்களே, அதுல யாரெல்லாம் வர்றாங்க?"

மக்கள் கணக்கெடுப்பு இரண்டே பெட்டிகளாகப் போட்டுவிடுகிறது. சீனர் என்ற பெட்டிக்குள் ஹொக்கியன், கந்தோனீஸ், ஹக்கா, தியோச்சு, ஹைனான் என்று பல மொழிக்குழுக்கள் இருக்கின்றன. இந்தியர் என்பதில் பெரும்பான்மை தமிழர். அவர்களோடு மலையாளிகள், தெலுங்கர்கள், சீக்கியர்கள், தமிழ் முஸ்லிம்கள், செட்டியார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சேர்க்கப்படுகிறார்கள். 1957-ல் மலாயா மக்கள்தொகையில் சீனர் 37 விழுக்காடு, இந்தியர் 11 விழுக்காடு. இன்று சபா, சரவாக் உட்பட்ட மலேசியாவில் சீனர் சுமார் 23, இந்தியர் சுமார் 7.

இந்தியர்களில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ரப்பர்த் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் ஒன்று. எழுத்தர், வியாபாரி, போலீஸ், ஆசிரியர், டாக்டர் என்று வந்தவர்கள் இன்னொன்று. முதல் ஓட்டம்தான் எண்ணிக்கையில் மிகப் பெரியது. கீழே வரும் பல பதில்கள் இந்தப் பிரிவை வைத்துத்தான் நிற்கின்றன.

"உண்மையிலேயே எவ்வளவு வித்தியாசம்? ஏதோ மலைக்கும் மடுவுக்கும் மாதிரி பேசுறாங்களே?"

மாத வருமானத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. 1970-ல் தீபகற்ப மலேசியாவில் ஒரு சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி (ரிங்கிட்), இந்தியக் குடும்பத்துக்கு 304, மலாய்க் குடும்பத்துக்கு 172. 2016-ல் நாடு முழுவதற்குமான சராசரி சீனருக்கு 8,750 ரிங்கிட், இந்தியருக்கு 7,150, பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடிகளும்) 6,267. சீனக் குடும்பம் 100 வெள்ளி சம்பாதித்தபோது இந்தியக் குடும்பம் 1970-ல் 77 சம்பாதித்தது, 2016-ல் 82.

சொத்துப் பக்கம் திரும்பினால் படம் மாறிவிடும். நிறுவனப் பங்குகளில் 1970-ல் சீனர் கையில் 27.2 விழுக்காடு, மலாய்க்காரர் கையில் 2.4, இந்தியர் கையில் 1.1. 2004-ல் சீனர் 39, பூமிபுத்ரா 18.9, இந்தியர் 1.2. ஒரு தலைமுறைக்கு மேல் ஓடியும் இந்தியர் கணக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2020-க்குள் 3 விழுக்காடு என்று ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் இலக்கு வைத்ததற்குக் காரணமே அதுதான்.

இந்தப் பங்குக் கணக்கைச் சந்தை விலையில் போடாமல் முகமதிப்பில் போட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமான விமர்சனம். வீடும் நிலமும் இதில் வராது. இருந்தாலும், இந்த இரண்டு சமூகங்களை ஒப்பிடும் யாரும் சம்பளத்தைவிடச் சொத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இனி வரும் பதில்களில் அதற்கான காரணங்களைப் பார்க்கலாம்.

"இந்தியர் வருமானம் மலாய்க்காரரைவிடக் கூடத்தானே? அப்புறம் எதுக்கு நம்மளை ஏழைன்னு சொல்லிக்கிறோம்?"

சராசரி செய்கிற வேலை இது. கணக்குக்காக ஒரு உதாரணம். பத்துக் குடும்பங்களில் இரண்டு மாதம் 25,000 ரிங்கிட் சம்பாதிக்கின்றன, எட்டு 3,000 சம்பாதிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 7,400. அந்தப் பத்தில் ஒரு குடும்பம்கூட 7,400-க்கு அருகில் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது ஓட்டம் டாக்டர்களையும் வழக்கறிஞர்களையும் நிறையவே தந்திருக்கிறது. அந்த வருமானமும், தோட்டத்திலிருந்து வெளியேறி அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் வருமானமும் ஒரே பெட்டியில் விழுகின்றன. அதனால்தான் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையும் பார்க்க வேண்டும். 2016-ல் அது இந்தியருக்கு 5,428 ரிங்கிட்.

இன்னொன்று, இந்தியர்கள் இன்று பெரும்பாலும் நகரவாசிகள். கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் வைத்துக்கொண்டு 3,000 ரிங்கிட்டில் வாழ்வதும், கிள்ளானில் வாடகை கொடுத்துக்கொண்டு அதே 3,000-ல் வாழ்வதும் ஒன்றாகுமா?

"சீனனும் கூலியாத்தானே வந்தான்? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே ஆரம்பிச்சாங்க?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். கூலியாக வந்தார்கள் என்பது உண்மை. கப்பல் கட்டணத்தைக் கடனாக ஏற்றி, கடன் தீரும்வரை உழைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் பெரும்பாலான சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஈயச் சுரங்கங்களில் காய்ச்சலாலும் பட்டினியாலும் செத்தவர்கள் ஏராளம்.

ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. ஆரம்ப காலத்தில் ஈயச் சுரங்கத்தின் முதலாளியும் சீனர்தான். லாருட், கிந்தா, கோலாலம்பூர் என்று சுரங்கம் இருந்த இடமெல்லாம் ஊரானது. கடன் தீர்ந்தவன் பக்கத்துத் தெருவில் ஒரு மளிகைக் கடையிலோ, இரும்புப் பட்டறையிலோ, காப்பிக் கடையிலோ தன் ஊர்க்காரனிடம் வேலைக்குச் சேரலாம், தொழில் கற்கலாம், கொஞ்ச நாளில் கடனுக்குச் சரக்கு எடுத்துத் தனிக்கடை போடலாம். கோலாலம்பூரின் காப்பித்தான் (சீனர் தலைவர்) யாப் ஆ லோய் அப்படி அடிமட்டத்திலிருந்து ஏறியவர்தான். அவரைப் போல ஏறியவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், ஆனால் ஏறுவதற்குப் படி கண்ணுக்குத் தெரிந்தது. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரி வசூலைப் பிரிட்டிஷ் அரசு சீனத் தவுக்கேகளுக்கு (முதலாளிகளுக்கு) குத்தகைக்கு விட்டதால் அவர்களிடம் முதல் திரண்டது என்பதையும் மறக்கக் கூடாது. மலாக்காவிலும் பினாங்கிலும் அதற்கு முன்பே தலைமுறைகளாக வேரூன்றிய சீன வணிகக் குடும்பங்களும் இருந்தன. 1896-ல் மலாக்காவில் முதன்முதலில் வணிக அளவில் ரப்பர் போட்ட டான் சாய் யான் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்.

தமிழ்த் தொழிலாளி வந்த இடத்தில் முதலாளி லண்டன் கம்பெனி. அதற்குக் கீழே தொரை (வெள்ளைக்கார மேலாளர்), கிராணி (எழுத்தர்), கங்காணி (ஆள் திரட்டி மேய்ப்பவர்). கங்காணி தன் கிராமத்திலிருந்தே ஆள் கூட்டி வருவார். அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 1907-ல் அமைத்த குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு போனதால், பின்னால் வந்தவர்களுக்குப் பயணக் கடன் இல்லை. ஆனால் வேலை நடந்தது காட்டுக்கு நடுவே. கூலி வேலையைவிட்டு வேறு தொழிலுக்குத் தாவ, நடந்துபோகும் தூரத்தில் எதுவும் இல்லை. தொழிலாளி கிராணியாக முடியாது, அதற்கு ஆங்கிலம் படித்த மலையாளியையோ யாழ்ப்பாணத்துக்காரரையோ எடுப்பார்கள். கிராணி தொரையாக முடியாது, அதற்கு வெள்ளைக்காரன் வேண்டும்.

"தோட்டத்துல வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் இலவசமா இருந்துச்சே. அது நல்ல வாழ்க்கைதானே?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் அந்த வாழ்க்கையைப் பாசத்தோடுதான் நினைக்கிறார்கள். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டை ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பிறகு நெற்றிவிளக்கோடு நிரைக்குப் போய் ஒவ்வொரு மரமாகக் கோடு போட்டு, மங்கில் (கிண்ணத்தில்) பால் வடிய விட்டு, வெயில் ஏறியதும் வாளிகளில் சேர்த்துக் காண்டாவில் (தோள் தடியில்) சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. திரும்பி வரும் வீடு லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பின்னால் கொஞ்சம் கீரை போடலாம், மாடு வளர்க்கலாம். இதில் ஒரு சட்டிகூட வைக்கும் இடம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. அப்பாவும் அம்மாவும் வெட்டை நிறுத்தும் வயது வந்தால், லயத்தைத் தக்கவைக்க ஒரு பிள்ளையாவது கத்தி பிடிக்க வேண்டும். பள்ளியைவிட்டு வந்த பல பிள்ளைகளின் கதைக்குப் பின்னால் இந்த வீட்டுக் கணக்கு இருக்கிறது.

அதே காலத்தில் சின்ன ஊரில் கடைவீடு வைத்திருந்த சீனக் குடும்பத்துக்குக் கீழே கடை, மேலே குடித்தனம். வாடகைக்கு எடுத்தது என்றாலும் அங்கே தொழில் அவர்களுடையது, வாடிக்கையாளர் அவர்களுடையவர். நன்றாக ஓடினால் வாங்கிவிடலாம். நாற்பது வருடம் உழைத்த இரண்டு குடும்பங்களில் ஒன்று பிள்ளைக்குக் கடையைக் கொடுத்தது. இன்னொன்றால் லயத்தைக் கொடுக்க முடியவில்லை.

"நம்ம ஆளுங்க கள்ளு குடிச்சே அழிஞ்சாங்க. சீனன் வாயைக் கட்டிச் சேர்த்தான். இதுதானே உண்மை?"

கள்ளு குடும்பங்களை நாசமாக்கியது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் கொடுமையை அதிகம் அனுபவித்தவர்கள் பெண்கள். ஆனால் கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே, உரிமத்தோடு, நிர்வாகத்தின் கண்முன்னே நடந்தது.

சீனத் தொழிலாளர்களில் பலர் அபினுக்கு அடிமையாகிக் கிடந்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) அரசு வருமானத்தில் பாதிக்கு அருகே அபினிலிருந்தே வந்த ஆண்டுகள் உண்டு. அவ்வளவு அபின் புகைத்தவர்கள் யார்? ரிக்‌ஷா இழுத்தவர்களும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும்தான். போதை இரண்டு பக்கமும் இருந்தது. போதையை வைத்து ஒரு சமூகம் ஏன் சொத்துச் சேர்த்தது, மற்றது ஏன் சேர்க்கவில்லை என்று விளக்க முடியாது.

சேமிப்பும் அப்படித்தான். தோட்டப் பெண்கள் கூட்டு (சீட்டு) கட்டினார்கள், நகை வாங்கினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். சேமித்த பணத்தைப் போட அவர்கள் பக்கத்தில் கடையோ நிலமோ விலைக்கு வரவில்லை.

"செட்டியார்கள்கிட்ட அவ்வளவு பணம் இருந்துச்சே? அது ஏன் நம்ம ஆளுங்களுக்கு உதவல?"

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கிட்டங்கி வைத்துப் பெரிய அளவில் வட்டித் தொழில் செய்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்கள் கடன் கொடுத்தது சீன வியாபாரிகளுக்கும் நிலம் வைத்திருந்த மலாய்க்காரர்களுக்கும். ஈடு வைக்க எதுவும் இல்லாத தோட்டத் தொழிலாளி அவர்கள் வாடிக்கையாளரே இல்லை. வேலைக்கு அவர்கள் வைத்துக்கொண்டதும் தங்கள் சமூகத்துப் பையன்களைத்தான். இலாபம் பெரும்பகுதி செட்டிநாட்டுக்குப் போனது.

சீனப் பக்கம் தவுக்கே தன் மொழிக்குழுக் கூலியை வேலைக்கு வைத்தார், கடனுக்குச் சரக்கு கொடுத்தார். பணக்காரனும் ஏழையும் ஒரே தெருவில் இருந்தார்கள். நம்மிடம் பணக்காரர் நகரத்தில், ஏழை தோட்டத்தில். இருவருக்கும் நடுவே வியாபார உறவே இல்லை. "அவங்களுக்கு ஒற்றுமை ஜாஸ்தி" என்று சொல்வோருக்கும் இதுதான் பதில். 1860-களில் லாருட்டில் சீன இரகசியச் சங்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செத்த வரலாறு இருக்கிறது. அவர்களைச் சேர்த்து வைத்தது பெரும்பாலும் தொழில்.

"ஜப்பான்காரன் காலத்துல ரெண்டு பேரும்தானே கஷ்டப்பட்டாங்க?"

ஆமாம். சீனர்கள் 1942-ல் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள், அவர்களிடமிருந்து 5 கோடி டாலர் மிரட்டி வசூலிக்கப்பட்டது. தமிழர்களைத் தோட்டம் தோட்டமாக அள்ளிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உழைக்கும் வயதில் இருந்த ஆண்களை இழந்த குடும்பங்களுக்கு 1945-ல் மிஞ்சியது மறுபடியும் லயம்தான்.

"வெள்ளைக்காரன் போகும்போது தோட்டங்களை வித்தானே, அப்போ நம்ம ஆளுங்க வாங்கியிருக்கலாமே?"

வாங்க முயன்றார்கள். அந்தக் கதையை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. 1950-களிலும் 60-களிலும் ஆங்கிலக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் நிரந்தர வேலையும் இல்லை, லயமும் இல்லை. அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டி, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது முதலில் வாங்கியது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. நாள்கூலிக்காரர்களின் பணத்தில் நடந்த இந்தக் காரியத்தை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு ஒரு சங்கம் ஈடுகொடுக்க முடியவில்லை. பெரிய கம்பெனிகள் விற்கவும் இல்லை. கத்ரி என்ற பெரிய தோட்ட நிறுவனம் ஆங்கிலேயர் கையிலேயே இருந்து, 1981-ல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசிய அரசு சார்ந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது. முதலாளி மாறினார், வெட்டுக்காரர் நிலை மாறவில்லை.

"1971 புதிய பொருளாதாரக் கொள்கை சீனர், இந்தியர் ரெண்டு பேரையும்தானே பாதிச்சுது? சீனன் மட்டும் எப்படித் தாக்குப்பிடிச்சான்?"

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு வந்த கொள்கை அது. காகிதத்தில் இரண்டு நோக்கங்கள். இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது ஒன்று. இன்ன இனம் இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது மற்றொன்று. 1990-க்குள் பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்பது இலக்கு.

பல்கலைக்கழக இடமும் அரசு வேலையும் சுருங்கியபோது இரண்டு சமூகமும் அடிபட்டன. ஆனால் சீனர்கள் அரசு வேலையை அதிகம் நம்பியிருக்கவில்லை. கடை இருந்தது, பட்டறை இருந்தது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை ஆஸ்திரேலியாவுக்கோ தைவானுக்கோ அனுப்ப முடிந்தது. சிறிய குடும்பத் தொழில்களைப் பங்குக் கட்டுப்பாடும் பெரிதாகத் தொடவில்லை. இந்தியர்களோ ரயில்வே, பொதுப்பணி, தொலைத்தொடர்பு என்று அரசுத் துறைகளில் நிறைய இருந்தவர்கள். அந்தக் கதவு குறுகியதும் அடுத்த தலைமுறைக்கு மாற்று இல்லை.

1970-ல் வறுமை விகிதம் மலாய்க்காரரிடம் 65 விழுக்காடு, இந்தியரிடம் 39, சீனரிடம் 26. அந்த 39-க்குள் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் வாசலோடு நின்றன. கம்பத்துக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்த பிறகும் பக்கத்துத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. குடியுரிமை எடுக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களுக்கு 1969-லிருந்து வேலைப் பெர்மிட் கேட்டார்கள். பலர் இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்கள்.

"தோட்டத்தைவிட்டு டவுனுக்கு வந்தப்புறமாவது முன்னேறியிருக்கலாமே?"

வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததும் ஆள் தேவை குறைந்தது. எண்பதுகளிலிருந்து அந்த வேலைக்கும் குறைந்த கூலியில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் வந்தார்கள். நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கும் இடமே பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்த இடம். அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள்.

அந்த நிலம் சதுர அடிக் கணக்கில் விலை ஏறியபோது, மூன்று தலைமுறையாக அதில் வேலை செய்தவர்களுக்கு அந்த விலையேற்றத்தில் பங்கு கிடைக்கவில்லை. கொஞ்சம் இழப்பீட்டோடு நகரத்து ஓரத்தில் புறம்போக்கு வீடு, பிறகு அடுக்குமாடி. லாரி ஓட்டுவது, காவல் வேலை, தொழிற்சாலை என்று தொடங்கினார்கள்.

சீனர்களிலும் இப்படிக் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டவர்கள் உண்டு. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த அவசரகாலத்தில், 1950-லிருந்து சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குத் தூக்கிப் போட்டார்கள். அது கொடுமைதான். இருந்தாலும் குடும்பத்துக்கு ஒரு மனை கிடைத்தது, காலப்போக்கில் பலருக்குக் குத்தகைப் பட்டாவும் கிடைத்தது. நகரம் விரிந்து வந்தபோது அந்த மனைக்கு விலை வந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களுக்கும் அன்றைக்கே ஆளுக்கொரு மனை கொடுத்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் வந்திருக்காது.

"தமிழ்ப்பள்ளியில படிச்சதுதான் பின்தங்கக் காரணம்னு சொல்றாங்களே?"

சீனப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சீனப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். தாய்மொழிப் பள்ளி காரணம் என்றால் அவர்களும் பின்தங்கியிருக்க வேண்டும்.

வித்தியாசம் பள்ளிக்குப் பின்னால் இருந்த பணத்தில் இருந்தது. சீனப்பள்ளிகளை வணிகர்களும் சங்கங்களும் நன்கொடையில் கட்டினார்கள். ஆறாம் வகுப்புக்குப் பிறகும் தொடர 60 தனியார் இடைநிலைப்பள்ளிகளும், 1975-லிருந்து அவற்றுக்கென்று சொந்தத் தேர்வும் உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியைச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் நிர்வாகம் நடத்தியது. வேண்டா வெறுப்பாக ஒரு கொட்டகை, பல வகுப்புக்கு ஒரே ஆசிரியர். ஆறாம் வகுப்போடு தமிழ் வழி முடிந்துவிடும், அப்புறம் புகுமுக வகுப்பு (மலாய் வழிப் படிப்புக்குத் தயாராகும் ஒரு வருடம்). சுதந்திரத்தின்போது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 வாக்கில்தான். பள்ளி நின்ற நிலமும் தோட்டத்துடையது, தோட்டம் போனதும் பள்ளியும் போனது. இன்று நல்ல நிலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் அறிவியல் போட்டிகளில் வெளிநாடு போய்ப் பரிசு வாங்கி வருகிறார்கள்.

"நம்மகிட்டயும் முதலீடு செஞ்சாங்களே, மைக்கா என்ன ஆச்சு?"

1982-ல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா நிறுவனத்தில் சுமார் 66,000 இந்தியர்கள் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். நகை அடகு வைத்துப் போட்ட தோட்டத் தொழிலாளர்கள் உண்டு. நிறுவனம் வளரவில்லை. 2010-ல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் என்று கைமாறியது. இருபத்தெட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு போட்ட முதல்கூட முழுசாக வரவில்லை.

சீனர்களும் இப்படி இழந்திருக்கிறார்கள். 1986-ல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது அடிபட்டவர்கள் பெரும்பாலும் சீனச் சிறுசேமிப்பாளர்கள்தான். அவர்களில் பலருக்குக் கூட்டுறவுப் பணம் போனாலும் கடையோ வீடோ மிஞ்சியது. மைக்காவில் போட்ட தொழிலாளிக்கு அதுதான் ஒரே சேமிப்பு.

"சிங்கப்பூர்ல இந்தியர் வருமானம் சீனரைத் தாண்டிருச்சே. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியல?"

2020 மக்கள் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் நடுவில் நிற்கும் இந்தியக் குடும்பத்தின் மாத வேலை வருமானம் 8,500 டாலர், சீனக் குடும்பத்துக்கு 7,972. எண் சரிதான். ஆனால் அந்த இந்தியர் யார்? தொண்ணூறுகளுக்குப் பிறகு கணினி, வங்கி வேலைகளுக்கு வந்து நிரந்தரவாசம் பெற்ற பட்டதாரிகள் அதில் நிறையப் பேர். செம்பவாங்கில் கப்பற்படைத் தளத்தில் வேலை செய்தவரின் பேரனும் நேற்று பெங்களூரிலிருந்து வந்தவரும் ஒரே பெட்டி. மூன்றாம் கேள்வியில் சொன்ன சராசரிச் சிக்கலின் இன்னொரு முகம் இது. இங்கே புதிதாக ஆள் சேர்ந்ததால் நடுப்புள்ளியே நகர்ந்துவிட்டது. பழைய குடும்பங்கள் எவ்வளவு முன்னேறின என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அங்கே கூலிக்காரரின் பிள்ளையும் வீடமைப்புக் கழக வீட்டைச் சொந்தமாக வாங்க முடிந்தது.

"அப்போ கலாசாரம், உழைப்பு, மனப்பான்மை இதுக்கெல்லாம் பங்கே இல்லைன்னு சொல்றீங்களா?"

பங்கு இருக்கிறது. ஆனால் அதை முதல் காரணமாக வைப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர் பேசியதும் தமிழ்தான், கும்பிட்டதும் முருகனைத்தான். அவர் பேரப்பிள்ளைகள் டாக்டர்கள். பினாங்கில் நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையும் நாணயமாற்றுக் கடையும் வைத்த தமிழ் முஸ்லிம்களுக்கு வியாபாரம் தலைமுறைத் தொழில். ஒரே மொழி பேசும் மக்களிடையே இவ்வளவு வேறுபாடு என்றால், யார் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பது எவ்வளவு முக்கியம்! சீனர்களிலும் எல்லாரும் தவுக்கே இல்லை. புதுக்கிராமங்களில் இன்றும் அன்றாடங்காய்ச்சிகள் இருக்கிறார்கள்.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை பத்து வயதில் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. லயத்துப் பிள்ளை பத்து வயதில் அம்மாவோடு போய் ஒட்டுப்பால் பொறுக்குகிறது. இருபது வருடம் கழித்து ஒன்றுக்கு "வியாபார புத்தி" இருக்கிறது என்கிறோம், மற்றதற்கு இல்லை என்கிறோம். இரண்டும் உழைத்த பிள்ளைகள்தான். அந்த லயத்திலிருந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பல்கலைக்கழகம் போனவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை விதிவிலக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

"அடுத்த முறை இந்த மாதிரி ஒரு எண்ணை வாட்ஸ்அப்ல பார்த்தா எப்படிச் சரிபார்க்கிறது?"

முதலில் அது சராசரியா, நடுக்குடும்ப வருமானமா என்று பாருங்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் எந்தச் சமூகத்தையும் உயர்த்தலாம், தாழ்த்தலாம். தலைக்கா, குடும்பத்துக்கா என்றும் பாருங்கள், ஏனென்றால் குடும்ப அளவு இனத்துக்கு இனம் மாறும். எந்த ஆண்டு, தீபகற்பமா முழு நாடா என்பதும் முக்கியம். நான் மேலே கொடுத்த 1970 எண்களே தீபகற்பத்துக்கு மட்டுமானவை.

மலேசியப் புள்ளியியல் துறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்ப வருமான ஆய்வை வெளியிடுகிறது, இனவாரி அட்டவணை அதில் இருக்கும். அதில் கிடைக்காதது கடன் போக மிச்சம் எவ்வளவு, தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் தனியாக எங்கே நிற்கின்றன என்ற விவரங்கள். நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது கோயிலுக்கு மானியம் கேட்கிறோம். அதோடு சேர்த்து இந்த அட்டவணையையும் கேளுங்கள்.